சுவரை நோக்கி அமர்ந்தவர்



1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே தமிழ்க்குடிகள் வாழும் சிற்றூர் ஒன்றில், சென்ற பௌர்ணமியன்று, ஜப்பானிய மைச்சித்திரம் ஒன்றின் அச்சுப்படியைப் பந்தலில் தொங்கவிட்டுத் தர்மம் பேசினோம்.

செஷ்ஷு என்னும் துறவி 1496-இல், தம் 77-ஆம் வயதில் வரைந்தது அது. குகையில் சுவரை நோக்கி அமர்ந்திருப்பவர் போதிதருமர். பின்னால் நிற்பவர் ஹுய்கே. சீடராக ஏற்கும்படி வேண்டித் தம் இடக்கையைத் தாமே வெட்டி ஏந்தி நிற்கிறார் என்பது கதை.

கண்டதும் ஒரு தாயார் கர்ப்பூரம் தேடினார். "வர்ணம் தீட்ட மறந்தார்களோ?" என்றார் மற்றொருவர். போதிதருமர் காஞ்சியில் பிறந்தவர் என்று மூன்றாமவர் பெருமை பேசினார். காஞ்சி என்பது மரபு. பழைய சீன நூல்களில் ஒன்று அவரைப் பாரசீகத்தார் என்றும், மற்றொன்று தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்றும் கூறும். ஊர்ப்பெருமை புகுந்தால் படம் மறைந்துவிடும்.

போதிதருமரின் மேலாடையைப் பாருங்கள். வெளிறிய சாம்பல் நிறத்தில் தடித்த கோடொன்று உடலைச் சுற்றி இறங்குகிறது. மடிப்புகள் மிகச் சில. முகத்திலோ கோடு மெலிந்து கூர்மையாகிறது. சுற்றிலும் பாறை கறுத்துப் புரள்கிறது. புகைக்கரியையும் பசையையும் சேர்த்து உலர்த்திய கட்டியைக் கல்லில் நீர்விட்டு உரைத்து எடுக்கும் மை அது. தாளில் பட்டதும் ஊறிவிடும், துடைக்க இயலாது. நாம் நூற்பாலையில் உழைத்தவர்கள். இழை அறுந்தால் பிணைத்து ஓட்டிவிடுவோம். இங்கே பிணைப்பதற்கு வழியில்லை. கை நடுங்கினால் நடுக்கமே நிற்கும். ஆதலின் கோட்டைப் பார்ப்பதென்பது, கை சென்ற வழியில் நாமும் மெல்லச் செல்வதாகும்.

வெறுந்தாளையும் பார்க்க வேண்டும். ஹாசெகாவா தோஹாகு (1539–1610) வரைந்த பைன்மரத் திரைகளில் பெரும்பகுதி வெறுமையே. மார்கழி விடியலில் நெய்யாற்றங்கரையில் நின்றவர்க்கு இது விளங்கும். தென்னை பாதி தெரியும், பாதி பனிக்குள் இருக்கும். மறைந்த பாதியை இல்லையென்று எவர் சொல்வார்?

இவ்வளவில் தியாகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். அப்போது நம்மோடு முன்னாளில் வேலை பார்த்து, இயந்திரத்தில் வலக்கை விரல்கள் நான்கையும் இழந்த பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"தம்பி, இவர் தாமாக வெட்டிக் கொடுத்தார். என் விரல்களை எவரும் கேட்கவில்லை; நானும் கொடுக்கவில்லை. போய்விட்டன. இந்தப் படத்தை நான் எப்படிப் பார்ப்பது?"

ஆயத்தம் செய்து வந்த பிரசங்கம் அங்கேயே நின்றுபோயிற்று. அவருக்குத் தியாகத்தைப் போதிக்க நாம் யார்? சற்று நேரம் சென்று, படித்ததொன்று நினைவில் எழுந்தது. ஏழாம் நூற்றாண்டில் தாவோசுவான் எழுதிய துறவியர் சரிதம் வேறு கூறுகிறது: ஹுய்கேயின் கையை வெட்டியவர்கள் கள்வர்கள், அவர் மனத்தை அடக்கிப் புண்ணைத் தீயால் சுட்டுக்கொண்டார். தாமே வெட்டிக்கொண்டார் என்பது பிற்காலக் கதை. செஷ்ஷு வரைந்தது பிற்காலக் கதையைத்தான். அதையும் மறைக்காமல் சொன்னோம். ஆயினும் அந்த முகத்தில் வீரம் ஏதும் நமக்குத் தெரியவில்லை.

பெரியவர் படத்தருகே சென்றார். எஞ்சிய பெருவிரலால், தாளைத் தொடாமல், ஹுய்கேயின் ஆடைக்கோட்டை மேலிருந்து தொடர்ந்தார். பாதியில் விரல் நின்றது.

"இந்த இடத்தில் தூரிகை அழுந்தியிருக்கிறது, தம்பி."

அந்த இடத்தை நாம் அதுவரை கவனித்ததில்லை.