நான்கு கோடியும் நான்கு பேரும்

உரிய நேரத்தில் பதில் சொல்லாமல் நாம் தப்பித்துக்கொண்டு வந்துவிட்ட கேள்விகள் சில உண்டு. அவை நம்மை மறப்பதில்லை. ஆண்டுகள் கழித்து ஒரு நாள் வந்து கதவைத் தட்டும். அப்போது எழுந்து திறந்துதான் ஆகவேண்டும். சாத்தூரில் ஒரு படக்கொட்டகை வாசலில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி அப்படிப்பட்டது.

2018-ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசி. சாத்தூரில் பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தேன். அந்த வாரம்தான் 'டிக் டிக் டிக்' என்ற படம் வெளிவந்திருந்தது. விண்வெளியில் நடக்கும் கதை என்று விளம்பரம். எனக்கோ இந்த மாதிரிப் படங்களில் ஓர் அசட்டு ஆசை உண்டு. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து 1963-இல் வெளிவந்த 'கலை அரசி'யை மறுவெளியீட்டில் பார்த்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட ஆசை அது. விஞ்ஞானத்தில் மிஞ்சிவிட்ட வேற்றுக் கிரகத்தார், தங்களிடம் சங்கீதம் இல்லையே என்று பூமிக்கு வந்து ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று கதை பண்ணத் துணிந்த அந்தக் காலத்துத் துணிச்சலை நான் இன்றும் மதிக்கிறேன். அட்டையும் காகிதமும் கொண்டுதான் கிரகம் செய்தார்கள். அதனால் என்ன? அண்ணாந்து பார்த்தார்கள் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் படத்துக்குப் புறப்பட்டோம். நண்பரின் மனைவி, அவரிடம் படிக்கும் பத்து வயதுப் பையன் ஒருவனையும் அவன் தாயையும் உடன் அழைத்துக்கொண்டார். அந்த அம்மாளுக்குச் சாத்தூருக்குப் பக்கத்திலுள்ள அச்சங்குளம் சொந்த ஊர். பட்டாசு ஆலையில் வேலை. கரிசல் காட்டில் மழையை நம்பி விதைத்துச் சலித்த குடும்பம். வானம் கைவிட்டால் வெடிமருந்துதான் சோறு போடுகிறது அந்தப் பக்கத்தில். காகிதப் பொட்டலத்தில் காராச்சேவு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம்.

சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய அந்தப் படத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய விண்கல் நம் பக்கமாக வந்துகொண்டிருக்கிறது. விழுந்தால் நான்கு கோடிப் பேர் மாண்டு போவார்கள். அத்தனை பேரையும் வேறிடத்துக்கு அப்புறப்படுத்த அவகாசம் இல்லை. விண்கல்லைப் பிளக்க ஓர் அணு ஆயுதம் வேண்டும். அது அயல்நாட்டு விண்வெளி நிலையம் ஒன்றில் இருக்கிறது. எந்தப் பூட்டிலிருந்தும் எந்தச் சிறையிலிருந்தும் நழுவிவிடக்கூடிய ஒரு சாமர்த்தியசாலியை அதைக் களவாடி வர அனுப்புகிறார்கள். நடுவழியில் அவனுக்கு ஒரு மிரட்டல் வருகிறது. அவனுடைய சின்ன மகன் பகைவர் கையில். நான்கு கோடிப் பேரைக் காப்பதா, ஒரே பிள்ளையைக் காப்பதா? அப்போது ஜெயம் ரவி என்ற பெயரில் நடித்துவந்தவரே தகப்பன். மகனாக நடித்த சிறுவன் அவருடைய சொந்தப் பிள்ளை. அதனாலோ என்னவோ, அந்தத் தவிப்பில் ஓர் உண்மை இருந்தது.

இது 1998-இல் வந்த 'ஆர்மகெடான்' என்ற அமெரிக்கப் படத்தின் தம்பிதான் என்று நண்பர் என் காதோரம் சொன்னார். இருக்கட்டும். தர்க்கத்தைப் பிடித்து உலுக்கினால் உதிர்ந்துவிடும் காட்சிகள் நிறையவே இருந்தன. ஆனாலும் கொட்டகையில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சினிமா தர்மப்படி கதாநாயகன் இரண்டையும் காப்பாற்றிவிட்டான். நான்கு கோடியும் பிழைத்தது, பிள்ளையும் பிழைத்தான். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தோம்.

வெளியே வந்ததும் பையன், தான் பெரியவனானால் ராக்கெட்டில்தான் போவேன் என்று குதித்தான். அவன் தாய் சிரிக்கவில்லை. ஏதோ யோசனையாகவே நடந்து வந்தவள், என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

"ஐயா, மேலே போறவங்களுக்கு உடுப்பென்ன, பயிற்சியென்ன, எல்லாங் காட்டுனாங்க. அந்த ராக்கெட்டுக்கு மருந்து அடைச்சவங்களக் கடைசி வரைக்கும் காட்டவே இல்லையே?"

நான் சிரித்துவிட்டேன். "இது நம்ம ஊர் மருந்து மாதிரி இல்லை, அம்மா. அது வேறு விஞ்ஞானம்" என்றேன். திரவ எரிபொருளைப் பற்றியும், மகேந்திரகிரி மலையடிவாரத்தில் எஞ்சின்களைச் சோதிப்பதைப் பற்றியும் நாலு வாக்கியம் சொன்னேன். "அப்படிங்களா ஐயா" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

நான் சொன்னது முழு உண்மை அல்ல. ஸ்ரீஹரிகோட்டாவில் திட எரிபொருளை வார்த்து அடைக்கும் ஆலையும் இருக்கிறது. அங்கும் மனிதர்கள் மருந்தோடு மருந்தாக நின்று வேலை செய்கிறார்கள். 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று அந்த ஆலையில் தீப்பற்றி ஆறு பேர் இறந்தார்கள். விண்ணில் பறந்தவர்களின் பெயர்கள் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அந்த ஆறு பேரில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவள் கேட்டது அறியாமையால் கேட்ட கேள்வி அல்ல. தொழில் தெரிந்தவள் கேட்ட கேள்வி. அறியாமை என் பக்கம் இருந்தது.

இரண்டரை ஆண்டுகள் ஓடின. 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்று தொலைக்காட்சியில் செய்தி வந்தது. எனக்குக் கை நடுங்கியது. உடனே நண்பருக்குத் தொலைபேசினேன். கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப முயன்றேன். கடைசியில் அவர் குரல் கேட்டது. "பயப்படாதீர்கள். அவள் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் போவது வேறு ஆலைக்கு" என்றார்.

"அப்பாடா!" என்றேன். நாற்காலியில் சாய்ந்து, ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தேன். பாதிக் குவளை காலியானபோதுதான் திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்ணிக்கை கண்ணில் பட்டது. அது ஏறிக்கொண்டே இருந்தது. முடிவில் இருபதையும் தாண்டிற்று.

வாசகர்களே, அந்த அரைக் குவளைக் காப்பியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஓர் ஊரே அலறிக்கொண்டிருந்த அந்த வேளையில் என் மனம் நிம்மதி அடைந்தது எப்படி? எனக்குத் தெரிந்த ஒருத்தி பிழைத்துவிட்டாள். மற்றவர்கள் வெறும் எண். படத்தில் நான்கு கோடிப் பேர் வெறும் எண்ணாகவும், ஒரு பிள்ளை மட்டும் உயிராகவும் இருந்தானே, அதுபோல.

இதைத் தவறென்று சொல்லத் தெரியாமல் நெடுநாள் திகைத்தேன். தெரிந்தவர்மேல் பாசம் வைப்பது குற்றமா? பெற்ற பிள்ளையும் பிறர் பிள்ளையும் ஒன்றுதான் என்று உண்மையாகவே உணரும் தாய் எங்கே இருக்கிறாள்? அப்படி ஒருத்தி இருந்தால் அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம், ஆனால் அவள் மடியில் படுக்க எந்தக் குழந்தைக்கும் ஆசை வராது. நான்கு கோடிக்காக மகனை ஒரு நொடிகூடத் தயங்காமல் விட்டுக்கொடுத்திருந்தால், அந்தத் தகப்பனை நாமே வெறுத்திருப்போம். கணக்கு மட்டும் தெரிந்த மனம் நம்மை அச்சுறுத்துகிறது. பாசம் மட்டும் தெரிந்த மனமோ, பக்கத்து ஊர் எரியும்போது காப்பி குடிக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே மனிதனுக்கு வழி உண்டா?

நம்முடைய பழங்கதை ஒன்று எனக்கு வழி காட்டியது. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் ஏறி வந்த தேர்க்காலில் ஒரு கன்று சிக்கி மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். இந்தக் கதையைச் சிறு வயதிலிருந்தே, பிள்ளைப் பாசத்தை வென்ற நீதி என்று சொல்லித் தந்தார்கள். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகன்மீது உயிரை வைத்திருந்தவனுக்குத்தான் கன்றை இழந்த பசுவின் துயரம் எவ்வளவு என்று தெரியும். சோழன் பாசத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. அதையே அளவுகோலாக்கி அயலாரின் துயரத்தை அளந்தான். நம்மவர்மேல் உள்ள பாசம் நமக்குத் தரப்பட்டிருக்கும் மரக்கால். வீட்டுக்குள் அளந்து முடித்ததும் அதைப் பரணில் கவிழ்த்துவிடுவதுதான் குற்றம்.

ஆனால் அந்தக் கதையிலும் ஒரு குறை உண்டு. மணி அடித்தபோது கன்று செத்துப்போயிருந்தது. ராஜவீதியில் தேரை மெல்ல ஓட்டவேண்டும் என்று முன்பே ஒரு கட்டளை இருந்து, அதைச் சொல்லித் தேரைத் தடுத்து நிறுத்த ஒரு காவலாளியும் இருந்திருந்தால்? கன்றும் இருந்திருக்கும், மகனும் இருந்திருப்பான். நமக்கு ஒரு மகத்தான கதை மட்டும் கிடைத்திருக்காது. அதனால் என்ன நஷ்டம்?

பட்டாசு ஆலைகளுக்கு அப்படிப்பட்ட கட்டளைகள் இருக்கின்றன. மருந்து கையாளும் ஓர் அறையில் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது. அறைக்கும் அறைக்கும் இன்ன இடைவெளி வேண்டும், இவ்வளவு மருந்துக்கு மேல் உள்ளே வைக்கக்கூடாது என்றெல்லாம் விதி. உராய்வில் ஒரு பொறி எழுந்தால் போதும் என்பதால் பருத்தி ஆடைதான் உடுத்த வேண்டும். இவற்றை முன்பெல்லாம் வெறும் சர்க்கார் காகிதம் என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், நான்கு பேர் என்று எழுதிய கை ஓர் அன்பான கை என்று தோன்றுகிறது. உள்ளே வரப்போகும் நால்வர் யார், எந்த ஊர், யார் பெற்ற பிள்ளைகள் என்று எதுவும் தெரியாமலே, ஐந்தாவது உயிரை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்த கை அது. முகம் தெரியாதவர்மேல் பாசம் வைக்க மனிதன் கண்ட வழிக்குத்தான் விதி என்று பெயர்.

அப்படியானால் ஐந்தாவது ஆள் உள்ளே எப்படி வருகிறார்? யாரும் அவரைக் கொல்ல அழைப்பதில்லை. தீபாவளி நெருங்குகிறது. சரக்குக் கேட்டுத் தந்தி போல் அவசரமாய்ச் செய்தி வருகிறது. கூலி எண்ணிக்கைக்குத்தான். நூறு செய்தால் நூறுக்குக் காசு. உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை வாங்குவது வேறொருவர் கையிலுமாக இருக்கும் இடங்களும் உண்டு. இத்தனைக்கும் நடுவில், "இந்த அறையில் ஆள் அதிகம். நிறுத்துங்கள்" என்று ஒரு பெண் சொல்லவேண்டும். சொன்னால் மறுநாள் வேலை இருக்குமா?

விண்வெளிக்காரர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளவேண்டியது இங்கேதான் இருக்கிறது. 2019 ஜூலை 15 அதிகாலையில் சந்திரயான்-2 புறப்பட இருந்தது. 56 நிமிடங்கள் மீதியிருக்கும்போது ஏதோ கோளாறு என்று கண்டு நிறுத்திவிட்டார்கள். தேசமே விழித்துக் காத்திருந்தது. யாருக்கும் வெட்கமில்லை. ஒரு வாரம் கழித்து ஜூலை 22 அன்று ஏவினார்கள். நம் மனிதர்களை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்திலும், 2023 அக்டோபர் 21 அன்று பறக்கவிட்டுச் சோதித்தது எதைத் தெரியுமா? ஆபத்து வந்தால் உள்ளிருப்பவர்கள் தப்பி வெளியேறும் ஏற்பாட்டை. அன்றைக்கும் ஐந்து நொடி மீதியிருக்கையில் எண்ணுவது நின்றது. காரணத்தைக் கண்டு சரிசெய்த பிறகே ராக்கெட் எழுந்தது. ஏறும் வழிக்கு முன்பாகத் தப்பும் வழியைச் சோதித்தார்கள்.

வானத்தில் இருப்பவர்கள் எல்லாம் ஞானிகள், தரையில் இருப்பவர்கள் எல்லாம் பாவிகள் என்று நான் சொல்ல வரவில்லை. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். கடுங்குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக மூடாமல் போகலாம், வேண்டாம் என்று முந்தின இரவே பொறியாளர்கள் தடுத்துப் பார்த்தார்கள். மேலிருந்தவர்கள் கேட்கவில்லை. ஆக, "நில்" என்ற சொல்லுக்கு எங்கே வலிமை இருக்கிறதோ அங்கே உயிர் இருக்கிறது. அந்தச் சொல் தோற்கும் இடம் வான்வெளியானாலும் ஒன்றுதான், அச்சங்குளத்துக் கொட்டகையானாலும் ஒன்றுதான்.

பசித்த ஊரில் ராக்கெட் எதற்கு, உழைப்பவர் சாகும் நாட்டில் விண்வெளிப் படம் எதற்கு என்று கேட்பவர்கள் கட்சியில் நான் இல்லை. அந்தப் பையனின் கண்ணில் அன்றிரவு இருந்த ஒளியை நான் பார்த்தேன். பட்டாசு கொளுத்தாதே என்றும் சொல்லமாட்டேன். அந்தக் கரிசல் பூமியில் அடுப்பெரிவது அதனால்தான். ஆனால் தீபாவளிக் கடையில் பத்து ரூபாய் குறைப்பதற்காக நான் பேசும் பேரம் எந்த அறையின் வாசலில் போய் ஐந்தாவது ஆளாக நிற்கிறது என்று இப்போது யோசிக்கிறேன். பட்டாசுப் பெட்டியைப் பிரிக்கும்போது, உள்ளே எத்தனை என்று எண்ணுகிறோம். அறைக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

அந்த அம்மாளை அதன்பின் ஒரே ஒரு முறை நண்பர் வீட்டில் பார்த்தேன். மகன் நன்றாகப் படிக்கிறான் என்றாள். பழைய கேள்வி அவளுக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இருந்தது. "அம்மா, அன்றைக்கு நீங்கள் கேட்டீர்களே, மருந்து அடைத்தவர்களைக் காட்டவில்லையே என்று? நீங்கள் கேட்டதுதான் சரி. காட்டியிருக்க வேண்டும்" என்றேன்.

அவள் சற்று யோசித்தாள்.

"காட்டாட்டியும் பரவாயில்லங்க ஐயா. எண்ணிக்கிட்டாப் போதும்" என்றாள்.