பகிடியில் பாவம் உண்டா?



"பகிடிக்குத்தானே சுவாமி!" என்று சொல்லிவிட்டால் எந்தக் குற்றமும் கழுவப்பட்டுவிடும் என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். அது சரிதானா?

வெளிநாடுகளிலுள்ள நம் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த "சிம்ப்சன்ஸ்" என்னும் கேலிச்சித்திரத் தொடர் 1989 டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கியது. அதன் 1996 மே மாத அங்கம் ஒன்றில் கரடியொன்று ஊருக்குள் வந்துவிடுகிறது. ஊரார் காவல் கேட்கிறார்கள். காவலுக்காக வரி கூடுகிறது. வரியைக் கண்டு கொதித்தெழுந்தவர்களிடம், எல்லாவற்றுக்கும் காரணம் கள்ளமாகக் குடியேறியவர்களே என்று நகரபிதா பழியைத் திருப்பிவிடுகிறார். யானை வந்துபோகும் ஊர்களில் இருக்கும் நமக்கு இக்கதை விளங்குவதில் கஷ்டமில்லை! ஆவணமின்றிக் குடியேறியவர்களுக்குப் பாடசாலையையும் வைத்தியத்தையும் மறுக்கும் பிரேரணை ஒன்றுக்கு 1994 இல் கலிபோர்னியா மக்கள் வாக்களித்தார்கள். அதற்கான நையாண்டி இது. வலியவனின் பொய்யைத் தோலுரிக்கும் இத்தகைய பகிடியிற் குற்றங்காண என்னால் முடியவில்லை.

அங்கே அகப்பட்டுக்கொள்பவர் அபு என்ற இந்தியக் கடைக்காரர். பொய்ப் பத்திரம் வாங்கி, தொப்பி போட்டு, அமெரிக்கரைப்போலப் பேசிப் பார்க்கிறார். பின் தன்னை நினைத்தே வெட்கி, முறைப்படி படித்துப் பரீட்சையில் தேறிக் குடியுரிமை பெறுகிறார். பார்க்கும் நாம் அவர் பக்கம் நிற்கிறோம்.

மற்ற வாரங்களில் நடந்தது வேறு. அவருக்கு வைத்த பெயர் சத்யஜித் ராயின் படங்களில் வரும் வங்காளச் சிறுவனுடையது. குரலோ ஹாங்க் அசாரியா என்ற வெள்ளை நடிகருடையது. அவருக்கு முன்மாதிரியாக இருந்தது, 1968 இல் பீட்டர் செல்லர்ஸ் என்ற ஆங்கில நடிகர் ஒரு படத்திற் போட்ட இந்திய வேடம். போலியைப் பார்த்துச் செய்த போலி! அந்தக் குரலாற் சீண்டப்பட்டு வளர்ந்தவர்களின் மனக்குறையை ஹரி கொண்டபோலு 2017 இல் ஆவணப்படமாக எடுத்தார். 2020 இல் அசாரியா அக்குரலைக் கைவிட்டார். மறுவருடம் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார்.

புனித தோமஸ் அக்குவினாஸ் சிரிப்புக்குப் பகைவரல்லர். களைத்த மனதுக்கு விளையாட்டே ஓய்வு என்றவர் அவர். ஆனால் பரிகாசத்தைப்பற்றி நுட்பமாக ஒரு பிரிவு செய்கிறார். குறை சிறியது என்று எண்ணிச் சிரித்தால் அது அற்பப் பாவம். ஆளே சிறியவன், அவனுக்கு நொந்தால் நமக்கென்ன என்று எண்ணிச் சிரித்தால் அது சாவான பாவம். நேருக்கு நேர் ஏசுவதிலும் கொடியது.

இதைக் குருமடத்திற் படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான். அப்படியிருந்தும், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருநாள் இரவில், மலையகத் தமிழைக் கொச்சையாக்கி இளைஞர்கள் போட்ட பகிடி நாடகத்துக்கு முன்வரிசையிலிருந்து வயிறு குலுங்கச் சிரித்தேன். 1977 வன்செயலின்பின் மலைநாட்டிலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களுக்கு வந்து, காடு வெட்டிக் குடியிருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அக்கூட்டத்தில் இருந்தார்கள். பக்கத்திலிருந்த ஒரு சிறுமி மேடையைப் பார்க்கவில்லை. தன் தாயின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தாய் மரியாதைக்காகப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வருடத் திருநாளுக்கு மீண்டும் ஒரு பகிடி நாடகம் போட இளைஞர்கள் அனுமதி கேட்டிருக்கிறார்கள். போடட்டும். ஒத்திகைக்கு முன் அவர்களை அழைத்துப் பேச இருக்கிறேன், நான் அன்று சிரித்ததை முதலிற் சொல்லிவிட்டு.