ஊர்வாய்க்கு ஒரு கற்பனைக் குடும்பம்

ஒரத்தநாட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் பொழுது சாய்ந்த பிறகு எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே வசனம் வீட்டுக்கு வீடு தொடர்ந்து காதில் விழும். பகலெல்லாம் நடவு வயலில் குனிந்து நின்றவர்கள், நூறு நாள் வேலைக்குப் போய் வந்தவர்கள், மாட்டைக் கறந்து கட்டிவிட்டு வந்தவர்கள் எல்லாரும் அந்நேரம் நாடகத்தின் முன்னால் இருப்பார்கள். சீரியலுக்கு அங்கே நாடகம் என்றுதான் பேர். விருந்தாளி வந்துவிட்டால், அதுவும் படித்தவராக இருந்துவிட்டால், சத்தம் குறையும். "நாங்க பாக்குறதில்ல, சும்மா ஓடிக்கிட்டு கெடக்கு" என்று ஒரு சமாதானம் வரும். திண்ணைத் தூணில் சாய்ந்தபடி அத்தனையும் கேட்டுக்கொண்டிருக்கும் ஆண்களும் அதையே சொல்வார்கள். தரமில்லை என்று தனக்கே தெரிந்த ஒன்றை விரும்பிப் பார்ப்பதில் ஒரு கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சத்தில் நியாயம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

சோழ நாட்டுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. சேக்கிழார் புராணம் சொல்லும் கதைப்படி அநபாய சோழன் சீவக சிந்தாமணியில் ஆழ்ந்து கிடந்தான். அது சீவகன் பல பெண்களை மணக்கும் கதை. சிருங்காரம் ததும்பும் அந்நூலைப் பாடிய திருத்தக்க தேவரோ ஒரு சமணத் துறவி. சைவ மரபில் வந்த அரசன் இப்படி ஒரு நூலில் மனத்தைப் பறிகொடுக்கலாமா என்று அமைச்சர் சேக்கிழார் வருந்தினார். வருந்தியவர் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. ஏட்டைப் பிடுங்கவோ எரிக்கவோ அவர் சொன்னதாகக் கதையில் இல்லை. சிவனடியார்களின் வரலாறுகளை அரசனுக்கு எடுத்துச் சொன்னார். அரசன் மேலும் கேட்க விரும்பியதும் தில்லைக்குப் போய்ப் பெரிய புராணத்தைப் பாடி முடித்தார். எந்தக் கதையைக் கேட்பது என்பதில்தான் அவருக்கு அரசனோடு வழக்கு. கதை கேட்கும் ஆசையை அவர் பழிக்கவே இல்லை. அந்த ஆசையை நம்பித்தான் தன் காவியத்தையே எழுதினார்.

அதே சிந்தாமணியைப் பல நூற்றாண்டு கழித்து அச்சில் ஏற்றியவர் இன்னொரு சைவர். திருவாவடுதுறை மடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். அங்கே முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வி சாமிநாதையரை ஓலைச்சுவடிகளின் பக்கம் திருப்பியது. 1887-இல் நூல் வெளிவந்தது. அரசனுக்கு ஆகாது என்று கருதப்பட்ட புத்தகம் இன்று ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாக வகுப்பறையில் இருக்கிறது.

இதைக் காட்டி, இன்று இகழப்படும் சீரியலும் நாளை காவியமாகிவிடும் என்று வாதாடினால் அது நேர்மையாகாது. ஒரத்தநாட்டிலிருந்து அதிக தூரமில்லாத வடுவூரைப் பாருங்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல்கள் 1920-களில் பரபரப்பாக விற்றன. நாவல் படிக்கும் பெண் கெட்டுப்போவாள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. 'மேனகா' நாவல் 1935-இல் திரைப்படமாயிற்று. அவர் படைத்த திகம்பர சாமியார் 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படத்தில் எம்.என்.நம்பியாரின் உருவில் வந்தார். அந்த நாவல்கள் காவியமாகவில்லை, பாடநூலும் ஆகவில்லை. படித்தவர்கள் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் படித்தார்கள், மறந்தார்கள். அதனால் யாருக்கு என்ன கெட்டது? படித்தவருக்குப் பொழுது இனிதாகக் கழிந்தது. அந்த இன்பத்துக்கு எதிர்காலத்தின் சான்றிதழ் தேவைப்படவில்லை.

ஆகவே சுவை மட்டமானது என்பதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டுவது நிற்காது. அந்தக் குற்றச்சாட்டு யார்மேல் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2006 தேர்தலில் தி.மு.க. அறிவித்த இலவச வண்ணத் தொலைக்காட்சி அந்த ஆண்டு செப்டம்பரில் கொடுக்கப்படத் தொடங்கியது. கூரை வீட்டுக்குள் 14 அங்குலப் பெட்டி வந்ததும், உழைக்கிற சனத்தைச் சோம்பேறியாக்கிவிட்டார்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது. அரசின் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் காலையில் நாற்று பறித்து, மதியம் களையெடுத்து, சாயந்தரம் அடுப்பு மூட்டிய பெண் இரவில் சற்று நேரம் உட்கார்ந்து 'கோலங்கள்' சீரியல் பார்த்ததைச் சோம்பல் என்று சொன்னவர்கள், நாள் முழுக்க நடக்கும் கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்ப்பவரை அப்படிச் சொன்னதில்லை. உழைக்கும் பெண்ணின் ஓய்வு மட்டும் ஏன் கணக்குக் கேட்கப்படுகிறது? அவள் வெட்கப்பட வேண்டியதில்லை. கேட்டவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

இதைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது. சீரியல் பெண்களை அழவைக்கிறது, மாமியாரையும் மருமகளையும் மோதவிடுகிறது, பொட்டுப் பெரிதாக வைத்தவளை வில்லியாக்குகிறது, சந்தேகத்தைக் குடும்பத்தின் மூச்சுக்காற்றாக்குகிறது என்பார்கள். இதில் உண்மை நிறைய இருக்கிறது. அப்படியானால் பார்க்கிறவர்களும் அப்படியே ஆகிவிடுகிறார்களா? ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் கேபிள் டிவி புதிதாக வந்த இந்தியக் கிராமங்களை ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. கேபிள் வந்த ஊர்களில், கணவன் மனைவியை அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற விருப்பமும் குறைந்தது. வீட்டுத் தீர்மானங்களில் பெண்ணின் சொல்லுக்கு இடம் கூடியது. வேலைக்குப் போகிற, தனியாக வெளியே போய்வருகிற, எதிர்த்துப் பேசுகிற பெண்களைத் திரையில் பார்த்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எல்லாச் சீரியலும் நல்லது செய்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. பார்ப்பவர்கள் களிமண்ணாக உட்கார்ந்திருக்கவில்லை என்பதை மட்டும் இது காட்டுகிறது.

'எதிர்நீச்சல்' சீரியல் ஓடியபோதும் இதைக் காண முடிந்தது. வீட்டுப் பெண்களை அதட்டி அடக்கும் ஆதி குணசேகரனைத் தினமும் வாய் ஓயாமல் திட்டியவர்கள், அந்தப் பாத்திரத்தில் நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்தபோது சொந்தக்காரர் போனதுபோல் வருந்தினார்கள். வேஷம் எது, மனிதர் யார் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. குணசேகரனின் அதட்டலை ரசித்து, அதேபோல் சொந்த மனைவியிடம் விளையாட்டாகப் பேசிப் பார்த்த ஆண்களும் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டாம். விளையாட்டு எங்கே முடிகிறது என்பது அந்தந்த மனைவிக்குத்தான் தெரியும்.

இந்த நாடகங்கள் கிராமத்துக்குச் செய்த ஒரு நன்மையை அவற்றைப் பழிப்பவர்களும் புகழ்பவர்களும் அதிகம் பேசுவதில்லை. நடவு வயலில் வரிசையாக நிற்கும் பெண்கள் காலையில் முதலில் கேட்பது நேற்றைய கதையை. அவள் புருஷனை விட்டு வந்தது சரியா, மாமனாரிடம் சொல்லியிருக்கலாமா, சொத்தில் கையெழுத்துப் போட்டது புத்தியா என்று முடிவில்லாமல் வழக்கு நடக்கும். கேட்கிறவருக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் இந்த வழக்குகள் சீரியலுக்கு முன்னாலும் நடந்தன. அப்போது குற்றவாளிக் கூண்டில் நின்றவள் பக்கத்துத் தெருப் பெண். வாழாமல் வந்தவள், பிள்ளையில்லாதவள், கடுதாசி எழுதிச் சிக்கியவள் என ஊர்வாயில் விழுந்தவள் யாராக இருந்தாலும் அவள் அந்த ஊரிலேயே மிச்ச வாழ்நாளைக் கழிக்க வேண்டியிருந்தது. சிலர் கழிக்கவில்லை, பூச்சிமருந்தைத் தேடினார்கள். மனித வாழ்க்கையைத் துருவிப் பார்க்கவும் தீர்ப்புச் சொல்லவும் ஒரு பசி ஊருக்கு இருக்கிறது. சீரியல் அந்தப் பசிக்கு ஒரு கற்பனைக் குடும்பத்தைக் கொடுத்தது. அதைக் கிழித்தாலும் யாருக்கும் ரத்தம் வராது. புறம் பேசுவதை முழுதாக ஒழித்துவிடவில்லை என்றாலும், அதில் ஒரு பங்கையாவது ஆளில்லாத இடத்துக்குத் திருப்பிவிட்டது. வள்ளுவர் புறங்கூறாமைக்குத் தனியாக ஓர் அதிகாரமே வைத்தார். கூத்துப் பார்க்கும் கூட்டத்தையோ, செல்வம் வந்து போவதற்கு உவமையாகச் சொன்னாரே தவிர, பழித்து ஒரு சொல் சொல்லவில்லை.

தனிமைக்கும் இது துணை. பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வீட்டில் ஒற்றையாய் இருக்கும் கிழவிக்குத் தினம் தவறாமல் வந்து போகிறவர்கள் அந்த நாடகத்து மனிதர்கள்தான். 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றபோது சன் டிவி பழைய 'மெட்டி ஒலி'யை மறுபடி போட்டது. முடிவு தெரிந்தவர்களே உட்கார்ந்து பார்த்தார்கள். அடுத்து என்ன என்ற ஆவல் அங்கே இல்லை, பழகிய முகங்களோடு இருக்கும் ஆறுதல் இருந்தது. ஆனாலும் ஒரே அறை உள்ள வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை தேர்வுக்குப் படிக்கும்போது சத்தமாக நாடகம் ஓடினால் அது தவறுதான். அங்கே தவறு அந்தச் சத்தத்தில் இருக்கிறது, ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் நினைத்தால் தீர்ந்துவிடும்.

ரிமோட்டால் தீராத ஒன்றைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். 2011-இல் ஜீ தமிழில் 'சொல்வதெல்லாம் உண்மை' தொடங்கியது. முதலில் நிர்மலா பெரியசாமியும் பிறகு லட்சுமி ராமகிருஷ்ணனும் நடத்தினார்கள். அங்கே வந்தவர்கள் நடிகர்கள் இல்லை. கைவிட்ட கணவன், வேறொருவரோடு போன மனைவி, யார் பிள்ளை என்று கேட்கப்படும் குழந்தை என்று பெரும்பாலும் ஏழை வீடுகளின் ரணங்கள் கேமரா முன் திறக்கப்பட்டன. ஏன் வந்தார்கள் என்று கேட்டால் பதில் எளிது. நீதிமன்றத்தில் வருஷக்கணக்காகும், வக்கீலுக்குப் பணம் வேண்டும், காவல் நிலையத்தில் மரியாதை கிடைக்காது, ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்ணின் குரல் எடுபடாது. டிவியில் சொன்னால் கேட்பார்கள் என்று நம்பி வந்தார்கள். சிலருக்கு உதவியும் கிடைத்திருக்கும். அதற்குக் கொடுத்த விலை, தமிழ் தெரிந்த அத்தனை வீட்டிலும் அவர்களுடைய அழுகை அரட்டைப் பொருளானது. தொகுப்பாளர் ஆற்றாமையோடு சொன்ன ஒரு வாசகம் நகைச்சுவை மேடைக்கும் சினிமாப் பாட்டுக்கும் போயிற்று. அது யாருடைய துயரத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டதோ அவரை எல்லாரும் மறந்தார்கள். 2018-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது.

இங்கிலாந்திலும் இதே நடந்தது. 'ஜெரமி கைல் ஷோ' என்று 2005 முதல் ஐடிவியில் ஓடிய நிகழ்ச்சியில் எளிய மக்களின் குடும்பச் சண்டையைக் கூட்டத்தின் முன் வைத்து, பொய் கண்டுபிடிக்கும் கருவியில் சோதித்தார்கள். 2019-இல் அப்படிச் சோதிக்கப்பட்ட ஒருவர் சில நாளில் இறந்துபோனார். நிகழ்ச்சியை நிறுத்தினார்கள்.

அவர்கள் சம்மதித்துத்தானே வந்தார்கள் என்ற வாதம் இங்கே வரும். 'பிக் பாஸ்' வீட்டுக்குள் போகிறவர்களுக்கு அது ஓரளவு பொருந்தும். புகழையும் சம்பளத்தையும் கணக்குப் போடத் தெரிந்த தொழில்காரர்கள் அவர்கள். வேறு கதவெல்லாம் அடைத்துக் கிடப்பதால் ஒரே திறந்த கதவுக்குள் நுழைந்தவரின் கையெழுத்தை அதே கணக்கில் சேர்க்க முடியாது. அவருடைய குழந்தை கையெழுத்தே போடவில்லை.

துருவாமல் விடும் மரியாதைக்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. ஒரத்தநாட்டுக்கு முத்தம்பாள்புரம் என்று இன்னொரு பெயர் உண்டு. மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி தன் அன்புக்குரிய முத்தம்பாளின் பெயரால் அங்கே சத்திரம் எழுப்பினார். குதிரையும் யானையும் இழுக்கும் தேர்போல் செதுக்கிய அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அரசனுக்கும் அவளுக்கும் இடையிலான உறவைத் தோண்டித் துருவ ஊருக்கு ஆசை இல்லாமலா இருந்திருக்கும்? ஆனாலும் அவள் பெயர் இருநூறு ஆண்டுக்கு மேலாக வழிப்போக்கருக்குப் போட்ட சோற்றோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது. அந்த அளவு மரியாதையாவது கேமரா முன் அழுத கூலிக்காரப் பெண்ணுக்கும் உரியது.

அதனால் கூச்சம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நாடகம் பார்க்கிறபோது வந்த கூச்சம் இடம் மாறி வந்துவிட்டது. நிஜப் பெண் ஒருத்தி நிஜமாக அழுவதை, அடுத்து என்ன சொல்வாளோ என்று ஆவலோடு பார்த்தபோது வந்திருக்க வேண்டும். அப்போது பலருக்கு வரவில்லை. நல்லது நடக்கட்டும் என்றுதானே பார்க்கிறோம் என்ற நினைப்பு அதைத் தடுத்தது.

அந்த மேடைக்குப் பெற்றோரோடு வந்த பிள்ளைகளில் சிலருக்கு இப்போது கல்யாண வயது. அவர்களுடைய தாய் தகப்பன் யார், எப்படிப் பிரிந்தார்கள் என்பதை வரப்போகும் சம்பந்திகள் கைபேசியில் தேடிப் பார்க்கலாம். பழைய துண்டுகள் யூடியூபில் இருக்கின்றன. தடை வந்து எத்தனையோ நாளான பிறகும் மதிய ஓய்வில் அவற்றைத் தட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அங்கே எண்ணிக்கை ஏறுகிறது, விளம்பரப் பணம் யாருக்கோ போகிறது, அந்தப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு காசும் இல்லை.