காகிதமும் பென்சிலும்

1898-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மூத்த மகனையும் உடன் அழைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்த அழகம்மாள், பவழக்குன்றில் சடையும் கோவணமுமாய் அமர்ந்திருந்த இளைய மகன் வேங்கடராமனைக் கண்டு, வீட்டுக்கு வந்துவிடும்படி நாள்தோறும் அழுது மன்றாடியும், அந்த முகத்தில் யாதொரு சலனமும் காணாமல், சுற்றியிருந்தோரிடம் முறையிட்டாள். அவர்களுள் பச்சையப்ப பிள்ளை என்பவர், வாய் திறந்து பேசும்படி அவரை நிர்ப்பந்திக்காமல், காகிதத்தையும் பென்சிலையும் நீட்டி, சொல்ல நினைப்பதை எழுதித் தருமாறு வேண்டினார். பின்னாளில் ரமண மகரிஷி என உலகம் அறிந்த அவ்விளைஞர், பிராரப்தத்தின்படி நடப்பது நடந்தே தீரும், ஆகையால் மௌனமாயிருத்தலே நன்று என்னும் கருத்தை எழுதிக் கொடுத்தார்.

ஆட்டிசம் உடையவர்களைப் பற்றிச் சிந்திக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பச்சையப்ப பிள்ளையே நினைவுக்கு வருகிறார். மகரிஷிக்கு நவீன வைத்திய சாஸ்திரத்தின் பெயரொன்றைச் சூட்டுவது என் நோக்கமன்று; அது அபத்தம். இருவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள முடியாதபோது, அந்த இடைவெளியைக் கடக்கும் கடமை யாருடையது என்பதே என் விசாரம்.

1943-இல் லியோ கேனர் என்னும் மருத்துவர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதிய நாள் முதல், குறை முழுவதும் அவர்களிடமே என்ற அபிப்பிராயம் வெகுகாலம் நிலவிற்று. தாமே ஆட்டிசம் உடையவரான டேமியன் மில்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர், 2012-இல், அறியாமை பரஸ்பரமானது என்று வாதித்தார்: அவர்கள் நம் மனத்தை ஊகிக்கத் தடுமாறுவது போலவே நாமும் அவர்கள் மனத்தை ஊகிக்கத் தடுமாறுகிறோம், பெரும்பான்மையோராகிய நம் தடுமாற்றத்துக்கு மட்டும் நோய் என்ற பெயர் கிடையாது. ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்லும்படி மனிதரை வரிசையாக அமர்த்திச் செய்த பரிசோதனையொன்றின் முடிவு 2020-இல் வெளியாயிற்று. ஆட்டிசம் உடையோர் மட்டுமே அமர்ந்த வரிசை, ஏனையோர் வரிசைக்குச் சற்றும் குறையாமல் கதையைக் கடைசி ஆள் வரை கொண்டு சேர்த்தது.

1902-இல் ரெவின்யூ இலாகா உத்தியோகஸ்தரான சிவப்பிரகாசம் பிள்ளை, பேசாதிருந்த ரமணரிடம் சென்று, ஒவ்வொரு வினாவாகக் கேட்டுக் காத்திருந்து, அவர் விரலாலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டிய விடைகளைப் பெற்றார்; 'நான் யார்?' என்னும் நூல் அவ்வாறு பிறந்தது. நேரான ஒரு கேள்வி, பதிலுக்குப் போதிய அவகாசம், எழுத்தின் துணை: ஆட்டிசம் உடையவர்கள் நம்மிடம் இன்று வேண்டுவதும் பெரும்பாலும் இவ்வளவே.

ஆனால் பௌர்ணமி இரவில், ஒலிபெருக்கியும் நெரிசலும் தாளாமல், கிரிவலப் பாதையில் காதுகளைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும், ஆட்டிசம் உடைய, பேசாத சிறுவனைச் சுற்றி நின்று, "என்னம்மா, பிள்ளையை அடக்கத் தெரியாதா?" என்று தாயைக் கடிந்துகொள்கிறோமே, அது என்ன பக்தி? ஞானியின் மௌனம் பூரணம், இந்தப் பிள்ளையின் மௌனம் இயலாமை என்று சிலர் பதில் சொல்லக்கூடும். வேறுபாடு உண்டுதான், ஒன்று உவந்து ஏற்றது, மற்றது உடன் வந்தது. எனினும் வெளியே நிற்பவனுக்கு அது எப்படித் தெரியும்? திருவண்ணாமலைக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்தினருகே அமர்ந்திருந்த ரமணர் மீது கல்லெறிந்த சிறுவர்களும், பதில் பேசாதவனிடம் ஒன்றுமில்லை என்றே தீர்மானித்திருப்பார்கள். சேஷாத்திரி சுவாமிகள் என்னும் துறவி அச்சிறுவர்களிடமிருந்து அவரைக் காக்க முனைந்தது, அவர் மகரிஷி என்று ஊர் தெளிந்த பிறகு அன்று. தகுதி நிரூபணமான பின்னரே பொறுமை காட்டுவது என்றால், அந்தச் சிறுவனுக்கு நம்மிடமிருந்து எந்நாளும் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை.