இரண்டு இலைகள்

ஈப்போ பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெரிய தாத்தா, 1943-ல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். 1944 இம்பால் தோல்வியில், பசியிலும் காய்ச்சலிலும் கூட்டாளிகள் பர்மா காட்டிலேயே போய்ச் சேர்ந்தார்கள். இவர் திரும்பினார்.

அதே ஜப்பான்காரன்தான் தோட்டத்து ஆட்களை சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துப் போனவன். போனவர்களில் இவருடைய ஒரு தம்பியும் உண்டு. திரும்பவில்லை.

“அவனோட சேர்ந்தது தப்பில்லையா தாத்தா?” சின்ன வயதில் கேட்டேன்.

“தப்புதான்பா. அதுக்காக கூட நடந்தவனை மறந்துடலாமா?”

தப்பான கூட்டணி, செத்த நண்பனுக்குப் பட்ட கடனை அழிக்காது. அந்தக் கடனும் தம்பிக்கு நடந்ததை நியாயமாக்காது. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க முடியாத கணக்கு இது.

தீபாவளிக்கு முதல்நாள் படையலில் தாத்தா இரண்டு இலை போடுவார். இப்போது நான் போடுகிறேன்.