சர்க்கரை நோய் தெரியவந்த பின்

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறுபரிசோதனையிலும் அது உறுதிப்பட்டால் சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொல்கிறார். ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவில் அந்த எல்லை 6.5 சதவீதம். நடுவயதில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை நோய். உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்காமல் போவதும் கணையம் தளர்வதும் பல ஆண்டுகளாக வலியின்றி நடந்திருக்கும். நோய் முன்பே வந்துவிட்டது. செய்திதான் இப்போது வருகிறது.

அந்தச் செய்தியைக் கேட்ட மனம் இரண்டு பக்கம் சறுக்கும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று பரிசோதனைச் சீட்டை மடித்து வைப்பது ஒன்று. சோற்றையே ஒதுக்கிப் பாகற்காய்ச் சாறு குடித்து, விரதம்போல் தொடங்கி, இரண்டே மாதத்தில் சலித்துக் கைவிடுவது மற்றொன்று. இரண்டுக்கும் அடியில் அச்சம் இருக்கிறது. இனிப்பைத் தின்று வரவழைத்துக்கொண்டதாகச் சுற்றத்தார் சொல்லும்போது குற்ற உணர்வும் சேர்கிறது. பரம்பரை, வயது, வயிற்றுக் கொழுப்பு, உடலுழைப்புக் குறைவு எனப் பலவும் கூடி வரும் நோய்க்கு ஒருவரைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை.

தொடக்க ஆண்டுகளில் எடுக்கும் அக்கறை வீண்போவதில்லை. 1977இல் பிரிட்டனில் தொடங்கிய யுகேபிடிஎஸ் ஆய்வில், நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 5,102 பேர் சேர்க்கப்பட்டார்கள். சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற உறுப்புகளின் நுண்குழாய்ப் பாதிப்பு 25 சதவீதம் குறைந்ததை 1998இல் வெளியான முடிவுகள் காட்டின. ஆய்வு முடிந்தபின் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் பத்தாண்டுகள் கழித்தும் முன்பு கட்டுப்படுத்தியவர்களிடம் அந்த நன்மை தொடர்ந்தது.

உணவில் பெயரை மாற்றுவதைவிட அளவை மாற்றுவதே பயன் தரும். சோற்றுக்குப் பதில் வயிறு நிறையச் சப்பாத்தியோ கேழ்வரகுக் களியோ உண்டால் அதுவும் மாவுச்சத்துதான். கருப்பட்டியும் தேனும் சர்க்கரையை ஏற்றவே செய்யும். தட்டில் பாதி பொரியலும் கீரையும், கால் பங்கு பருப்போ சுண்டலோ மீனோ முட்டையோ, மீதிக் கால் பங்கு சோறு என்பது கடைப்பிடிக்கக்கூடிய கணக்கு. சாப்பிட்டபின் சிறிது நடந்தால் தசைகள் இரத்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன.

இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு தெரிந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். கண்ணையும் சிறுநீரையும் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிப்பதும், பாதத்தை நாள்தோறும் பார்ப்பதும் அவசியம்.

நோய் ஒருவருக்கு, உலை வீட்டுக்கே பொது. அவருக்கென்று தனிச் சமையல் நெடுநாள் நிலைப்பதில்லை. சமைக்கும் பெண்ணே நோயாளி என்றால், எல்லோருக்கும் பரிமாறிவிட்டு நேரம் தப்பி, மிஞ்சிய சோற்றை உண்பதே அவள் வழக்கமாக இருக்கும். அவள் வேளைக்கு உண்ணவும் நடக்கப் போகவும் வீட்டார் இடம் விட வேண்டும். அதுவும் மருத்துவத்தில் சேர்ந்ததே. மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஹெச்பிஏ1சி, அந்த வீட்டின் அன்றாடம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்தே காட்டும்.