வினையும் மெலிந்தாரைக் காத்தலும்

உயிர்கள் தத்தம் இருவினைக்கீடாக இன்ப துன்பங்களை நுகரும் என்பது நம் சித்தாந்தத் துணிபு. இத்துணிபினை முற்ற ஆராயாதார் சிலர், பிறர் துன்புறக் கண்டவிடத்து, ‘அஃது அவர் வினை’ எனக் கூறித் தாம் செய்யற்பாலதினின்றும் ஒழிகின்றனர். இக்கூற்றின் பிழையை அண்மையில் நிகழ்ந்த கொரோனாப் பெருந்தொற்று வெளிப்படக் காட்டிற்று. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சு 11-ஆம் நாள் அதனை உலகப் பெருந்தொற்று எனக் கூறியது. 2023 மே 5-ஆம் நாள் அதன் அவசர நிலை நீங்கிற்று என அறிவித்தது. இடைப்பட்ட காலத்தே இருமருங்கும் அச்சத்தால் நெருக்குண்டவர் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்றுவந்தோராவர்.

அவர் நிலையைச் சிறிது ஆராய்வாம். புற்றுநோய்க்கு ஊட்டப்படும் கடுமருந்துகள் நோயணுக்களை அழிப்பதோடு குருதியின் வெள்ளணுக்களையும் குறைக்கும். அக்குறைவு பெரும்பாலும் மருந்தேற்றிய ஒன்றிரண்டு வாரங்களில் மிகும். வெள்ளணுக்களே தொற்றினை எதிர்க்கும் காவலாதலின், அக்காலத்து அவர் உடம்பு காவலற்ற கோட்டையை ஒக்கும். மருத்துவமனைக்குச் சென்றால் தொற்று, செல்லாதொழியின் புற்று. திருநின்றவூர் போன்ற ஊர்களில் வாழ்வார் பலர், பெருமருத்துவம் வேண்டின், மின்சார வண்டியேறிச் சென்னைக்கே செல்வர். 2020 மார்ச்சு இறுதியில் அவ்வண்டிகள் நிறுத்தப்பட்டபோது, பொருளில்லாதார்க்கு அவ்வழியும் அடைபட்டது.

இனி, மருத்துவத்தை நிறுத்துதல் நன்றா, தொடர்தல் நன்றா என்பது வினா. இதனைத் துணிதற்கு அளவை வேண்டும். சீனத்திலிருந்து 2020 பிப்பிரவரியில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், தொற்றுற்ற 1,590 பேருள் 18 பேரே புற்றுநோய் உற்றிருந்தோர். அவருள் 39 விழுக்காட்டினர் கடுநிலை எய்தினர், ஏனையோருள் 8 விழுக்காட்டினரே எய்தினர். இதுகேட்டு உலகம் அஞ்சிற்று. எனினும் 18 பேரைக்கொண்டு செய்யும் கருதல் வலியுடைய ஏதுவுடையது ஆகாது. அதே ஆண்டு மே மாதம் பிரித்தானியர் வெளியிட்ட ஆராய்ச்சி 800 புற்றுநோயாளரைப் பற்றியது. அவருள் 226 பேர் இறந்தனர். ஆயினும் முதுமையும் பிற நோய்களும் கணக்கிடப்பட்ட பின்னர், முந்திய நான்கு வாரத்துள் கடுமருந்து பெற்றமை இறப்பினைக் குறிப்பிடத்தக்க அளவு மிகுவித்ததாகக் காணப்படவில்லை. குருதிப் புற்றுடையார்க்கு இடர் மிகுதி என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே, எல்லோர்க்கும் மருத்துவத்தை நிறுத்துக என்பது அச்சத்தின் தீர்ப்பேயன்றி அறிவின் தீர்ப்பன்று என்பது போதரும்.

ஆயின் அத்தீர்ப்பே பலவிடத்தும் நிகழ்ந்தது. இந்தியாவில் 41 புற்றுநோய் நிலையங்களில் 2020 மார்ச்சு முதல் மே வரை புதிதாகப் பதிந்தோர் 51,760 பேர். முந்திய ஆண்டு அம்மாதங்களில் 1,12,270 பேர். பேரறுவைகள் 17,120-லிருந்து 8,677 ஆயின. வாராத அறுபதினாயிரவர் நோயற்றவரல்லர். தம் நோயினை அறியாதவரும், அறிந்தும் வழியற்றவருமே பலராவர் என உய்த்துணர்க. தொற்றினால் இறந்தார் கணக்கில் இவர் பெயர் ஏறாது.

ஈண்டு ஒருவர் தடை நிகழ்த்துவர்: ‘இறப்பும் பிணியும் பிராரத்தத்தின் வழியன, யாம் முகக்கவசம் அணிந்தென், அணியாதொழிந்தென்? அவர்க்கு வருவது வந்தே தீரும்’ என்று. இத்தடை இரு வினைகளை ஒன்றாக மயங்குதலான் எழுந்தது. நோயுற்றான் நுகர்வது அவன் பிராரத்தமாகுக. அவனருகே கவலையின்றி இருமிய ஒருவன் செய்தது எவ்வினை? அஃது அவனது ஆகாமியம். பிறனுக்குப் பயன் ஊட்டுவோன் இறைவன். அப்பயனுக்குத் தான் கருவியாயினமை காட்டி ஒருவன் குற்றம் நீங்குதல் கூடாது. கூடுமெனின், கொலை செய்தானும் கொலையுண்டான் வினையைக் காட்டி உய்வான். அறநூல்களும் வேண்டாவாய் முடியும். அன்றியும், மருந்தும் மருத்துவனும் உரிய காலத்து எய்துதலும் வினைப்பயனே. துன்பத்தை மட்டும் வினை என்று கொண்டு, அதனை நீக்கும் வாயிலை வினைக்குப் புறம்பென்று தள்ளுதல் நேர்மையன்று.

நம் ஆசிரியன்மார் ஒழுக்கமும் இதுவே. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார் குழாம் பனிசுரத்தால் நலிந்தபோது, திருஞானசம்பந்தப் பிள்ளையார் அதனை அந்நிலத்தியல்பென்று வாளா இருந்திலர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளினார். அடியாரே யன்றி அந்நாடும் அப்பிணியின் நீங்கிற்றென்பது பெரியபுராண வரலாறு. வினையுண்மை அறிந்தவர்க்கு அவ்வறிவு பிறர்க்குதவத் தூண்டுகோலாதல் வேண்டும், தடையாதல் கூடாது என்பதே இதனாற் பெறுவது.

மற்றொரு தடை திருக்கோயில் பற்றியது. 2020 மார்ச்சு முதல் ஆகஸ்டு முடியத் தமிழ்நாட்டுப் பெருங்கோயில்கள் வழிபடுவோர்க்கு அடைக்கப்பட்டிருந்தன. அன்பர் பலர் அதனால் உள்ளம் நைந்தனர். அவருள் சிலர், திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் உள்ளத்தே கோயில் எடுத்தமையை நினைந்து ஆறுதல் பெற்றனர். அது தக்கதே. எனினும் அவ்வரலாற்றின் முற்பகுதியை மறத்தலாகாது. நாயனார் முதற்கண் கல்லும் மரமுங் கொண்டு கோயிலெடுக்கவே பொருள் தேடி முயன்றார். எங்கும் பெறாமையின் பின்னரே உள்ளத்து எடுத்தார். செயல் இயலாவிடத்து நினைவு செயலின் பயனைத் தருமன்றி, செயல் இயலுமிடத்து நினைவு அதற்கு ஈடாகாது. ஆகலின், ‘நோயாளர்க்கு உள்ளத்தால் இரங்குகின்றேன்’ என்று கூறிக்கொண்டே, முகக்கவசமும் இடைவெளியும் தடுப்பூசியுமாகிய எளிய செயல்களை இகழ்ந்தவர் பூசலார் நெறியினர் ஆகார். 2021 மார்ச்சு 1 முதல், 45 வயது நிரம்பிய புற்றுநோயாளர் பலர்க்கு நம் நாட்டில் தடுப்பூசி உரித்தாயிற்று. ஆனால் வெள்ளணுக் குறைந்தார் உடம்பில் அதன் பயனும் குறைதல் உண்டு. அக்குறையை நிரப்ப வல்லது சூழ இருப்போர் ஒழுக்கமே.

அப்பெருந்தொற்றின் அவசர நிலை நீங்கிற்று, மெலிந்தார் நீங்கினாரிலர். இன்றும் கடுமருந்து பெறுவோர் நம் திருவிழாக் கூட்டத்தும், மடங்களின் பந்தியிலும், வண்டியிலும் நம்மருகே உளர்; அவர் இன்னார் என நாம் அறியோம். காய்ச்சலும் இருமலும் உற்ற நாளில் கூட்டத்தைத் தவிர்த்து மனைக்கண் இருந்து வழிபடுதல் வழிபாட்டிற் குறைவாகாது. அறியப்படாத ஓருயிரைக் காத்தற்பொருட்டு அன்று தரிசனத்தை விடுத்தான், அவ்வுயிரினுள் நிற்கும் இறைவனை வழிபட்டவனேயாவன்.